செங்கம்மா கொண்டுவந்த முட்டைகள்

ஐயா, கருவுள்ள முட்டையின் ஓட்டில் சிறு சன்னல் திறப்பதற்குப் பொறுமை வேண்டும். கை நடுங்கினால் உள்ளே இருப்பது இறந்துவிடும். நான் பொறுமைசாலி என்பதைத் தாங்கள் முதலில் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

1983-இல் திருப்பதி மருத்துவமனை ஒன்றின் ஆய்வகத்தில் இருந்தேன். புற்றுக்கட்டி ஏதோ ஒன்றைச் சுரந்து இரத்தக் குழாய்களைத் தன்னை நோக்கி வளரச் செய்கிறது. அதுவே என் ஆய்வு. கட்டியின் சாற்றில் ஒரு துளியை முட்டையினுள் உள்ள சவ்வின்மேல் இட்டால், சில நாள்களில் குழாய்கள் சக்கரத்தின் ஆரங்களைப் போல் அதைத் தேடி வரும். அக்காட்சியைக் கண்டவர் என்னைக் கடிந்துகொள்ளத் தயங்குவார்.

செங்கம்மா வரதய்யபாளையத்துப் பக்கம் பயிர்செய்பவர். மார்பில் கட்டி. அவருக்குச் சந்தைத் தெலுங்கு தெரியும். மருத்துவரின் தெலுங்கு பிடிபடாது. சித்தூர்த் தமிழனான என்னை மொழிபெயர்க்க அழைத்தார்கள்.

"உடனே அறுவை செய்தால் பிழைப்பார்" என்றார் மருத்துவர்.

"சாதாரணக் கட்டிதான் அம்மா. மாதம் ஒருமுறை என்னிடம் காட்டினால் போதும்" என்றேன் செங்கம்மாவிடம். மருத்துவரிடம், அவர் கத்திக்கு அஞ்சி மறுப்பதாகப் பணிவுடன் தெரிவித்தேன்.

வெட்டியெடுத்த கட்டி வளராது, ஐயா. வளர வளரச் சாறு வலுக்கிறதா என்பதை வேறு எவ்வாறு அறிவது? தாங்களே சொல்லுங்கள்.

மாதந்தோறும் ஊசியால் சிறிது சதை எடுத்தேன், வலிக்காமல்தான் எடுத்தேன். நான் கேட்டதற்காக, வீட்டுக் கோழிகளின் முட்டைகளைக் கூடையில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவருவார்.

"சேவல் மிதிச்ச முட்டையாப் பாத்துக் கேட்டு வாங்கித் துன்ற, ஒடம்பு ஏறலியே நைனா?" என்று சிரிப்பார். "நம்ம பாஷ பேசற புள்ள நீ இருக்கசொல்ல எனக்கு இன்னா பயம்?"

கட்டி உடைந்து புண்ணான பிறகு, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார் மருத்துவர். அதை மட்டும் ஒரு சொல்லும் பிசகாமல் மொழிபெயர்த்தேன்.

அவர் இறந்தபின், தொலைவில் பலமனேர்ச் சந்தையில் தங்கி வேலைசெய்யும் கணவர் சம்பத் ஒரு கூடையுடன் வந்தார். "ஒனக்கின்னு எடுத்து வெச்சிருந்தா, சார்." சம்பத்துக்குத் தெலுங்கு நன்றாக வரும். மருத்துவருக்கும் நன்றி சொல்லப் போய் அவரிடம் பேசியிருக்கிறார். அதனால்தான் தாங்கள் என்னை அழைத்திருக்கிறீர்கள்.

தாங்கள் கொலை என்று எழுதுங்கள், கையெழுத்திடுகிறேன். வருத்தம் தெரிவித்ததாக எழுத வேண்டாம். அந்தக் கடைசிக் கூடை முட்டைகளிலும் சன்னல் திறந்தேன். கடைசியாக எடுத்த சாற்றை இட்டேன். குழாய்கள் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு அடர்ந்து வந்தன.

அவர் நம்பிக் கொடுத்த எதையும் நான் வீணாக்கவில்லை, ஐயா.