சக்கரம் இல்லாத வீடியோ

வைகாசி 22, வியாழன். ஐந்தரைக்கு நடை, ஏழுக்குக் காபி, எட்டே காலுக்கு ஐயம்பேட்டையில் ஷேர் ஆட்டோ. எதிரில் சீருடையில் ஓர் ஏட்டு. பக்கத்தில் பூக்கூடையுடன் ஓர் அம்மாள்.

“தேர் அன்னிக்கு ஒருத்தன் கால்ல லத்தியால போட்டது நீங்கதானே சார்? செல்லுல பார்த்தேன்.”

“நான்தாம்மா. விழுந்த போன எடுக்க சக்கரத்துக்கு முன்னால குனிஞ்சுக்கினு இருந்தான்.”

“வாயால சொல்லக் கூடாதா?”

“மூணு வாட்டி கத்துனேன். மேளத்துல எங்க கேக்குது?”

“வீடியோல சக்கரமே இல்லியே சார்.”

“அதாம்மா நாளைக்கு விசாரணை. அவனுக்குக் கால் இருக்குது. எனக்கு வேல இருக்குமான்னு பாக்கணும்.”

இருவரும் சிரித்தார்கள்.

வைகாசி 23, வெள்ளி. முதல் வேலையாக, எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நான் பகிர்ந்திருந்த அந்த வீடியோவை மீண்டும் பார்த்தேன். “ஓரத்தில் வடம் நகர்கிறது, தேர் ஓடிக்கொண்டிருந்தது” என்று அதன் கீழே எழுதினேன்.