குளக்கட்டின் தெற்கு முனை

சைக்கிளில் பாரம் கட்டும்போது இரண்டு பக்கமும் ஒரே நிறையாக இருக்க வேண்டும். ஒரு பக்கம் கூடினால் பத்து மைலுக்குள் இடுப்புப் பிடித்துவிடும். துவாரகனுக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். வாக்குமூலத்தை நீங்கள் ஆறுதலாக எழுதுங்கள் ஐயா, எனக்கு அவசரமில்லை.

என் பெயர் சோமசேகரம். முப்பது வருடம் நீர்ப்பாசன வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கந்தளாய்ப் பக்கத்துச் சின்னக் குளங்கள் எல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். வீட்டில் நானும் என் தங்கை ஜெயரூபியும் மட்டும்தான். அவளுக்கு முப்பத்தேழு வயது. அம்மா போன பிறகு பதினாறு வருடம் அந்த வீடு ஒரு சச்சரவும் இல்லாமல் ஓடியது. பன்னிரண்டரைக்கு நான் கதிரையை இழுக்கும்போது சோறு மேசையில் இருக்கும். ஒரு நாளும் நான் கேட்டு வாங்கியதில்லை.

துவாரகன் வீடுகளுக்கு வயரிங் செய்கிறவன், சம்பூர்க்காரன். எங்கள் குசினிக்கு லைற் போட வந்தான். வந்த இடத்தில் அவனுக்கும் ஜெயரூபிக்கும் பிடித்துப்போய் ஆவணியில் கலியாணம் என்று முற்றாகியது. பிறகு அவள் சம்பூருக்குப் போவாள். சம்பூர் என்ன லண்டனா என்று எல்லோரும் என்னைப் பகிடி பண்ணினார்கள். உண்மைதான், பஸ்ஸில் போய் வரக்கூடிய தூரம். ஆனால் பஸ்ஸில் போய் வருகிறவள் எனக்குச் சோறு போட ஏலாது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் சுயநலம் என்பார்கள். நான் அவளை நினைத்துத்தான் கவலைப்பட்டேன். அந்தப் பக்கத்துத் தண்ணீர் அவளுக்கு ஒத்துவராது.

கலியாணத்துக்கு முன்னால் சைக்கிளில் இலங்கையைச் சுற்றி வரவேண்டும் என்பது அவனுடைய ஆசை. ஆனி மாதம் வெளிக்கிடுவதாகச் சொல்லி, சாமான்களை எங்கள் விறாந்தையில் கொண்டுவந்து பரப்பினான். கூடாரம், சின்ன காஸ் அடுப்பு, மடிக்கிற பாய், இரண்டு ரியூப், தண்ணீர்ப் போத்தல்கள், பின் கரியரில் கொழுவும் இரண்டு பைகள்.

“அண்ணை, ரெண்டாயிரத்தி ஆறில அகதியா ஓடேக்கயும் சைக்கிளிலதான் சாமான் கட்டினனான்” என்றான். “இந்தமுறை சந்தோசத்துக்குக் கட்டுறன். முதல் நாள் எங்க படுக்கிறதெண்டு நீங்கள்தான் சொல்லோணும்.”

அவன் நல்லவன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் ஒரு தாளில் வழியைக் கீறிக் கொடுத்தேன். கந்தளாயைத் தாண்டி, பெரிய வீதியிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே ஒரு குளம். அதன் கட்டின் தெற்கு முனையில் புள்ளடி போட்டேன். அங்கே புல்லு மிதிபட்டு, பற்றை இல்லாமல், கூட்டிவிட்ட முற்றம் மாதிரி வெளியாக இருக்கும். வெளியூர்க்காரன் எவனும் கூடாரம் அடிக்க அதைவிட நல்ல இடம் இல்லை என்பான். அது ஏன் வெளியாக இருக்கிறது என்று அந்தப் பக்கத்து வயற்காரருக்குத் தெரியும். கோடையில் யானைகள் தண்ணீருக்கு இறங்கும் இடம் அது.

“யானை கீனை வருமோ?” என்று கேட்டான். மீன்பிடிக்கிறவரின் பிள்ளை, காற்றைத் தெரியும், காடு தெரியாது.

“மின்வேலி போட்டாச்சு” என்றேன். வேலி போட்டதுதான். குளத்தின் மற்றப் பக்கத்தில்.

கிண்ணியாவில் அவனுக்கு றுவைஸ் என்று ஒரு சிநேகிதன், வயல் செய்கிறவன். அவன் நான்கு யானைவெடி கொண்டுவந்து தந்தான். யானையைக் கலைக்க வயற்காரர் கொளுத்தி எறிகிற வெடி. பைகளை அடுக்குவது என் பொறுப்பு என்பதால் என் கையில்தான் தந்தான். காஸ் அடுப்பு இருக்கிற பையில் வெடிமருந்து வைப்பது ஆபத்தான வேலை. எனவே நான் அவற்றை வைக்கவில்லை. துவாரகனிடம் மட்டும், “வலப்பக்கப் பையில, அடியில இருக்கு” என்று சொன்னேன்.

வெடி வைக்காததால் வலப்பக்கம் நிறை குறைந்தது. வயல் காவலுக்குப் போகிறவர்களிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. பொழுது படுமுன் கொட்டிலில் இருக்கிற பழத்தையும் உப்பையும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அந்த மணத்துக்கு யானை சுவரையே உடைக்கும். நான் ஜெயரூபியிடம், “பிள்ளை, அவருக்குப் பலாப்பழம் விருப்பமெல்லே, கொஞ்சம் கூடவாக் கட்டிக்குடு” என்றேன். அவள் சந்தோசமாக இரண்டு கிலோ சுளை கட்டினாள். உப்புப் பைக்கற்றையும் அவள்தான் வைத்தாள். கறாராகப் பார்த்தால் அந்தப் பழத்திலும் உப்பிலும் என் கை படவே இல்லை.

அவன் வெளிக்கிட்ட அன்று பின்னேரம் ஆறரைக்கு அவளுடைய போனுக்குப் படம் வந்தது. நீலக் கூடாரம், குளம், சிரித்த முகம். ‘அண்ணையின்ர இடம் சொர்க்கம்’ என்று எழுதியிருந்தான். அவள் ஓடிவந்து எனக்குக் காட்டினாள். படத்தின் மூலையில் யானை இலத்தி கிடந்தது, ஈரமாக. அவளுக்கு அது தெரியவில்லை.

“அண்ணா, இடம் பயமில்லைத்தானே?”

வெளிச்சம் இன்னும் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அரை மணித்தியாலத்தில் பெரிய வீதிக்கு வந்து ஏறியிருப்பான். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். குசினியில் பருப்பு பொங்கி வழியும் சத்தம் கேட்டது.

“ஓம், நல்ல இடம்” என்றேன். அவள் பருப்பை இறக்க ஓடினாள்.

அன்றிரவு யானை அவனை அடித்துக் கொன்றதைப் பற்றிய உங்கள் பழைய அறிக்கையில், யானை அவனுடைய பையை இழுத்துக் கொட்டியிருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் திருத்துங்கள் ஐயா. சுளைகள் இருந்த மேல் பக்கம் வேண்டுமானால் யானையாக இருக்கலாம். வலப்பக்கப் பையை அடிவரை கொட்டியது அவன்தான். நான் சொன்ன இடத்தில் வெடியைத் தேடியிருக்கிறான். அவனைக் கொன்றது நான்தான் என்று எழுதுங்கள், எனக்கு மறுப்பில்லை.

செத்தவீட்டில் றுவைஸ் என் கையைப் பிடித்து அழுதான். “வெடி நனைஞ்சு போச்சோ அண்ணை? நான் நல்லாப் பாத்துத்தானே தந்தனான்.” நான் அவன் முதுகைத் தடவிவிட்டேன். ஜெயரூபி நாற்பது நாள் பேசவில்லை. ஆனால் சமைத்தாள். பன்னிரண்டரைக்குச் சோறு மேசையில் இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் வழமைக்கு வரும் என்று நம்பினேன்.

வெடிகளை என்ன செய்வது என்றுதான் எனக்குத் தெரியவில்லை. நெருப்பில் போட ஏலாது, கிணற்றில் போட்டால் தண்ணீர் கெடும். அலுமாரியில் அம்மாவின் சீலைகளுக்குப் பின்னால் வைத்திருந்தேன். அம்மாவின் திவசத்துக்கு அவள் சீலை எடுத்தபோது அவை கையில் அகப்பட்டன. நான்கையும் மேசையில் வைத்தாள்.

“இது அவற்ற பையிக்க இருந்திருக்கோணுமெல்லே?”

“ஓம்.” நேரே கேட்டால் நான் பொய் சொல்வதில்லை.

“பழம் கட்டச் சொன்னதும் தெரிஞ்சுகொண்டுதானோ?”

“ஓம்.”

அவள் குசினிக்குப் போய்ச் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். திரும்பத் திரும்பக் கழுவினாள். பிறகு உடுப்பை எடுத்துக்கொண்டு பாலையூற்றில் இருக்கும் சிநேகிதி நிவேதிகா வீட்டுக்குப் போய்விட்டாள். இன்றைக்குப் பதினொரு நாள். போன் எடுத்தால் வெட்டுகிறாள். வாசலில் போய் நின்றேன், கதவு திறக்கவில்லை. கடைச்சோறு எனக்கு வயிற்றுக்குச் சேரவில்லை.

அதனால்தான் வந்தேன். மனச்சாட்சி அது இது என்று எழுதாதீர்கள், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. மறியலில் அடைத்து வைத்திருப்பவரைப் பார்க்க நெருங்கிய சொந்தக்காரர் வரலாம், வீட்டுச் சாப்பாடும் கொண்டுவரலாம் என்று கேள்விப்பட்டேன். உறவினர் என்ற இடத்தில் ஜெயரூபி என்று வடிவாக எழுதுங்கள் ஐயா. எனக்கு வேறு ஒருவரும் இல்லை என்று அவளுக்குத் தெரியும். கட்டாயம் வருவாள்.