ஒரே ஒரு கேபிள்

லேப்டாப்பைக் குனிந்து பார்த்தபடி வேலை செய்வது கழுத்துக்கு நல்லதல்ல. இதை ஊழியர்களுக்குச் சொல்லித் தருவதுதான் அலுவலகத்தில் என் வேலை. மானிட்டர் கண் மட்டத்தில் இருக்க வேண்டும், கீபோர்டும் மவுஸும் தனியாக இருக்க வேண்டும், லேப்டாப்பை மூடி ஓரமாக வைத்துவிடலாம். நெதர்லாந்தின் ஸ்னேக் நகரத்து எங்கள் வீட்டிலும் மேசையை அப்படித்தான் அமைத்திருந்தேன். நீங்கள் எடுத்த படங்களில் பார்த்திருப்பீர்கள், அதிகாரி. சுத்தமான மேசை.

அதில் எல்லா ஒயரும் டாக் என்கிற சோப்புப் பெட்டி அளவுள்ள பெட்டியில் வந்து சேரும். அங்கிருந்து ஒரே ஒரு கேபிள் லேப்டாப்புக்குப் போகும். மின்சாரம், படம், சத்தம் எல்லாம் அதன் வழியாகத்தான். மூடி வைத்த லேப்டாப் அந்தக் கேபிள் இருக்கும்வரை விழித்திருக்கும். உருவினால் தூங்கிவிடும்.

என் மனைவி ஃபெம்கேயின் லேப்டாப்பும் அதே டாக்கில்தான் ஓடியது. அவள் கால்வாய்ப் படகில் பயணிகளுக்கு ஊரைச் சுற்றிக் காட்டியவள். ஆறு வருடங்களுக்கு முன் தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழக்கும் நோய் வந்தது. கால் போயிற்று, கை போயிற்று, கடைசியில் குரலும் போயிற்று. கண் மட்டும் அசையும். மானிட்டருக்குக் கீழே ஒரு கேமரா பட்டை பொருத்தினேன். அவள் எந்த எழுத்தைப் பார்க்கிறாளோ அது திரையில் விழும், ஸ்பீக்கர் அதை வாசிக்கும். ஆபத்துக்கு ஆளைக் கூப்பிடுவதும் அதில்தான். எல்லாவற்றையும் நானே செய்து கொடுத்தேன். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நோய் வந்தால் பேச்சு குறையும் என்று நினைத்திருந்தேன். குறையவில்லை.

"சூப்ல உப்பே இல்ல, ஸ்யூர்ட். என் நாக்கு இன்னும் உயிரோடதான் இருக்கு" என்று ஸ்பீக்கர் சொல்லும். நான் அடுத்த கரண்டியை ஊட்டுவேன். "மூஞ்சியை ஏன் அப்படி வெச்சிருக்கே? படகுல மழைல நனைஞ்ச ஜெர்மன்காரன் மாதிரி இருக்கே" என்றும் சொல்லும்.

புதன், வெள்ளியில் நான் வீட்டிலிருந்தே வேலை செய்வேன். பத்திலிருந்து ஒரு மணி வரை கேபிள் எனக்கு. இன்னொரு டாக் வாங்கியிருக்கலாமே என்று கேட்டீர்கள். இருப்பதை வைத்து ஓட்டுவதுதான் எங்கள் வீட்டுப் பழக்கம்.

"என் வாயைக் கழட்டிட்டுப் போறியா, போ. ஒரு மணிக்குத் திருப்பிக் குடுத்துடு" என்பாள்.

அந்த மூன்று மணி நேரம் வீடு நன்றாக இருந்தது. இதை மறைப்பதில் அர்த்தமில்லை. கடிகாரச் சத்தம்கூடக் கேட்கும். பிறகு ஒரு மணி இரண்டாயிற்று, சில நாள் நான்கும் ஆயிற்று. வேலை அதிகமாக இருந்தது.

மார்ச் மாதம் ஒரு நாள் காலை உணவின்போது அவள் சொன்னாள்: "லேவார்டன் ஊர்ல இருக்கற பராமரிப்பு இல்லத்துல எனக்கு ஒரு இடம் காலியா இருக்கு. திங்கக்கிழமை பத்து மணிக்கு வீடியோல பேசறாங்க. வரேன்னு நானே சொல்லணுமாம். சொல்லலைன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்."

"இங்க உனக்கு என்ன குறை?"

"ஒரு குறையும் இல்ல. ஜன்னல்ல இருக்கற செடி மாதிரி என்னை நல்லாத்தான் பாத்துக்கறே. எனக்குப் பேச ஆள் வேணும், ஸ்யூர்ட்."

எனக்குக் கோபம் வரவில்லை. ஆறு வருடம் கழுவித் துடைத்து ஊட்டியவனிடம் சொல்லக்கூடிய வார்த்தையா என்று ஒரு வருத்தம், அவ்வளவுதான். அந்தத் திங்கட்கிழமை அவள் பேசாமல் இருந்தால் போதும் என்று நினைத்தேன். இடம் வேறொருவருக்குப் போய்விடும், நாங்கள் பழையபடி இருப்போம்.

எனக்கும் ஓய்வு தேவைப்பட்டது. டெர்ஸ்கெல்லிங் தீவில் நான்கு நாளுக்கு ஓர் அறை எடுத்தேன். காலையும் மாலையும் வரும் நர்ஸுக்கு வியாழக்கிழமை போன் செய்து, நாங்கள் இருவரும் தீவுக்குப் போகிறோம், செவ்வாய் மாலை வந்தால் போதும் என்றேன்.

"அப்பாடா, ஒருவழியா கிளம்பறீங்களே. ஃபெம்கேவுக்குக் கடல் காத்து நல்லா ஒத்துக்கும்" என்றாள் அந்தப் பெண்.

வெள்ளிக்கிழமை காலை ஃபெம்கேவுக்குத் தயிர் ஊட்டினேன், தண்ணீர் கொடுத்தேன், தலை வாரினேன். நாற்காலியை வழக்கம்போலத் தெருவைப் பார்த்த ஜன்னலருகே, மேசைக்கு முன்னால் நிறுத்தினேன். "பை எதுக்கு எடுத்து வெச்சிருக்கே?" என்று ஸ்பீக்கர் கேட்டது. நான் கேபிளை உருவினேன். தீவிலும் கொஞ்சம் அலுவலக வேலை இருந்தது, அதனால் கேபிள் எனக்குத் தேவைப்பட்டது.

திரைச்சீலையை இழுத்து மூடவில்லை. இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எங்கள் தெருவில் யாரும் மூடுவதில்லை. மூடினால்தான் என்ன ஏது என்று கேட்பார்கள். கெட்ட எண்ணம் உள்ளவன் மூடியிருப்பான். இருட்டியதும் தானாக எரியும்படி விளக்குக்கு நேரமும் வைத்தேன், அவள் இருட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது என்றுதான்.

காரில் பையை வைக்கும்போது பக்கத்து வீட்டு சிட்ஸ்கே நாயோடு வந்தாள்.

"அவ ஸ்கிரீன் இருட்டா இருக்கே?"

"கண்ணுக்கு ஓய்வு குடுக்கச் சொல்லியிருக்காங்க. நர்ஸ் வந்து பாத்துப்பாங்க."

"அப்ப நான் பெல் அடிச்சுத் தொல்லை பண்ணல. போகும்போது வரும்போது கை மட்டும் ஆட்டறேன்."

சொன்னபடி ஆட்டினாள். அவள் வாக்குமூலத்தை நீங்கள்தான் எனக்குப் படித்துக் காட்டினீர்கள். "ரெண்டு வேளையும் கை ஆட்டினேன். சனிக்கிழமை என்னையே பாத்துட்டு இருந்தா. நாய் நின்னதால நானும் நின்னேன். ரொம்ப நேரம் கண்ணை எடுக்காம பாத்தா. பிரியமாப் பாக்கறான்னு நெனச்சேன். ஞாயித்துக்கிழமை தூங்கிட்டு இருந்தா." நல்ல பெண். அவள் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை.

திங்கட்கிழமை பத்தரைக்கு இல்லத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. ஃபெம்கே வீடியோவில் வரவில்லை, ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார்கள். அவள் மனசு மாறிவிட்டது என்றேன். அவர்கள் வருத்தப்பட்டார்கள். நான் துறைமுகத்துக் கடையில் கிரான்பெர்ரி கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காற்று பலமாக இருந்தது, ஆனால் வெயிலும் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் வீட்டுக்கு வந்தேன். நாற்காலியில் வைத்த மாதிரியே இருந்தாள். முதலில் கேபிளைச் செருகினேன். திரை வந்தது, கேமரா பட்டையில் விளக்கு எரிந்தது. அது ஒரு நிமிடம் கண்ணைத் தேடியது. 'கண்கள் தெரியவில்லை, நேராக உட்காரவும்' என்று எழுதிக் காட்டியது. பிறகுதான் உங்களுக்குப் போன் செய்தேன்.

நான் அவளைத் தொட்டுத் துன்புறுத்தியதே இல்லை. நான்கு நாள் தண்ணீர் இல்லாமல் என்ன ஆகும் என்று யோசிக்கத் தவறிவிட்டேன், அது என் கவனக்குறைவு. மற்றபடி என் வேலைக்கு வேண்டிய என் கேபிளை நான் எடுத்துப் போனேன். அதைத்தான் முதல் நாளிலிருந்து சொல்லி வருகிறேன்.

நேற்று நீங்கள் கேட்ட கடைசிக் கேள்வி மட்டும் பாக்கி. மேசையின் கீழ் இழுப்பறையில், அவளுடைய கால்மாட்டில் நீங்கள் எடுத்த கறுப்பு லேப்டாப் யாருடையது என்று கேட்டீர்கள். அது என்னுடையது. தீவுக்கு நான் லேப்டாப் கொண்டு போகவில்லை.