அன்புச்செல்வியோடு வண்டி ஓட்டிய இருதயராஜ்

மேடையில் அமர்ந்திருக்கும் பணிமனை மேலாளர் அவர்களே, சங்கச் செயலாளர் திரு. தென்னரசு அவர்களே, பிள்ளைகளோடு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் திருமதி சவுரியம்மாள் அவர்களே, டூட்டி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்து கதவோரம் நிற்கும் ஓட்டுநர், நடத்துநர் தோழர்களே, வணக்கம்.

மறைந்த நம் முதுநிலை ஓட்டுநர் இருதயராஜ் அவர்களைப் பற்றிப் பேச என்னை அழைத்தது அவர் மனைவி சவுரியம்மாள். சங்கம் அழைத்திருக்காது. எனக்கும் இருதயராஜுக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வை வேறொருவருக்குத் தூக்கிக் கொடுத்தபோது சங்கம் வாய் திறக்கவில்லை. சங்க நிர்வாகியாக இருந்த இருதயராஜும் திறக்கவில்லை. எம்.ஏ. படித்த நான் இன்னும் விழுப்புரம் நிலையத்தில் நேரக் காப்பாளன். அதை நான் மறக்கவில்லை. இறந்துவிட்டார் என்பதற்காக இல்லாத பெருமையைச் சொல்பவனும் நான் இல்லை. ஆகவே இப்போது சொல்லப் போவதை நீங்கள் நம்பலாம்.

எனக்கு முன் பேசியவர்கள் விபத்தே செய்யாத ஓட்டுநர் என்றார்கள். பதக்கம் வாங்கியவர் என்றார்கள். உண்மைதான். ஆனால் அது மட்டுமா இருதயராஜ்? அவர் செய்த பெரிய காரியத்தைச் சொல்ல எல்லோருக்கும் ஏன் இத்தனை கூச்சம்?

நம் நடத்துநர் அன்புச்செல்விக்கு வயது நாற்பத்தொன்பது. கணவர் இல்லை. மகள் நர்சிங் படிக்கிறாள். சென்ற ஆண்டு அவருக்கு மாதவிடாய் நிற்கும் காலம் தொடங்கியது. மார்கழிக் குளிரில் வியர்த்துக் கொட்டும். இரவெல்லாம் தூக்கம் வராது. சில நாட்களில் உதிரப்போக்கு நிற்கவே நிற்காது. அந்த உடம்போடு விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவே கூட்டத்தில் நின்றுகொண்டே டிக்கெட் கொடுக்க வேண்டும். பயணிகளிடம் எரிந்து விழுந்தார். சில்லறை தர மறந்தார். அவரோடு வண்டி எடுக்க ஓட்டுநர்கள் தயங்கினார்கள்.

ஓய்வறையில் என்ன பேச்சு நடந்தது? பச்சைமுத்து, கோபப்படாதே, பேசியவன் நீதான்.

"இன்னாண்ணா அந்தக்கா, பனி கொட்டுது, ஜன்னலத் தொறங்கன்னுது. ஒண்ணு கேட்டா வள்ளுனு வுழுது. ஒரே பேஜாரு."

பெஞ்சில் படுத்திருந்த இருதயராஜ் எழுந்து உட்கார்ந்தார்.

"உன் ஊட்டுக்காரிக்கு இன்னா வயசுடா?"

"நாப்பத்தி நாலு."

"இன்னும் ரெண்டு மூணு வருசம். அப்புறம் மார்கழில உன் ஊட்டு ஜன்னலும் தொறந்துதான் கெடக்கும். இப்பவே ஒரு கம்பளி வாங்கி வச்சிக்கோ."

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"சவுரியம்மாளுக்கு இது வந்தப்ப நான் இன்னா பண்ணேன் தெரியுமா? சண்டைக்காரின்னு நெனச்சிக்கினு, டபுள் டூட்டி கேட்டு வாங்கி ஓடிக்கினு இருந்தேன். உனுக்கு இன்னாம்மா பண்ணுதுன்னு ஒரு வார்த்த கேக்கல. இது சீக்கு இல்லடா. ஒரு காலம். அது தாண்டறவரைக்கும் ஒடம்பு அவங்க சொன்ன பேச்சு கேக்காது."

லுங்கியும் பனியனுமாக ஆண்கள் நிறைந்திருக்கும் அறையில் தன் வீட்டுக் கதையை இப்படிச் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

பிறகு உங்கள் கருணை வந்தது. சங்கமும் நிர்வாகமும் எல்லாவற்றிலும் அடித்துக்கொள்வீர்கள். இந்த ஒன்றில் ஒற்றுமையாக இருந்தீர்கள். அன்புச்செல்வியை வண்டியிலிருந்து இறக்கி அலுவலகத்தில் உட்கார வைத்தீர்கள். லைட் டூட்டி! சகோதரிக்கு ஓய்வு வாங்கித் தந்தோம் என்று வாயிற்கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கினீர்கள். அந்த அம்மாவை யாராவது கேட்டீர்களா? வண்டியில் போனால் கிடைக்கும் தினப்படி போனது. ஊக்கத்தொகை போனது. ஓடியாடி வேலை செய்தவரை மூலையில் உட்கார வைத்து, முடியாதவர் என்று முத்திரை குத்தினீர்கள்.

இருதயராஜ் கேட்டார். நாலு பேர் முன்னால் வைத்துக் கேட்கவில்லை. கேன்டீனுக்குப் பின்னால் தனியாக நின்று கேட்டதாக அன்புச்செல்வியே என்னிடம் சொன்னார்.

"உனுக்கு இன்னாம்மா வேணும்?"

"வண்டி வேணும்ணா. நடுவுல ஒரு எடத்துல எறங்கி ஏற நேரம் வேணும். வேற ஒண்ணும் வேணாம்."

இதுதான் அந்த அம்மா கேட்டது! இதைக் கேட்டறிய நமக்கு ஒரு இருதயராஜ் தேவைப்பட்டார். அவர் மேலாளரிடம் போய், "அந்தம்மாவ என் வண்டியில போடுங்க சார்" என்றார்.

அன்றிலிருந்து விக்கிரவாண்டியில் ஒரு சாப்பாட்டுக் கடையோரம் வண்டி நிற்கும். கடைக்காரரிடம் பேசிக் கழிப்பறைச் சாவிக்கு அவர் முன்பே ஏற்பாடு செய்திருந்தார். அன்புச்செல்வி இறங்கிப் போவார். இருதயராஜ் இரும்புக் கம்பியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு டயராகத் தட்டிப் பார்ப்பார். பயணிகள் அவசரப்படுத்துவார்கள்.

"இன்னா டிரைவரே, ஜல்தி எடுங்க! டயருக்கு ஜோசியம் பாக்கறீங்களா?"

"ஆமா சார். உங்க ஆயுசு இதுலதான இருக்குது!"

அந்த அம்மா திரும்பி வந்து விசில் கொடுக்கும் வரை தட்டிக்கொண்டே இருப்பார். ஒருவரும் அந்த அம்மாவை நோக்கிக் கேள்வி கேட்க அவர் இடம் வைக்கவில்லை.

விழுப்புரத்தில் வண்டி தாமதமாக நுழையும். காரணம் கேட்பேன்.

"என் வண்டி, என் லேட்டு. என் பேருல எழுதுங்க சார்."

எழுதினேன். என் வேலை அது. அவருக்கு மெமோ வந்தது. பதில் கொடுத்தார். மறுநாளும் வண்டியை அங்கேயே நிறுத்தினார். நான் வெறுத்த மனிதரை மதிக்க வேண்டி வந்தது. அதற்காகவும் அவர் மேல் எனக்குக் கோபம் உண்டு.

ஓய்வறையில் கேலி நின்றுவிட்டது. கேலி நின்றால் போதுமா? வார ஓய்வில் வீட்டில் இருந்த இருதயராஜுக்கு நெஞ்சு வலி வந்தது, போய்விட்டார். அடக்கம் முடிந்த மறுநாளே அன்புச்செல்வி மறுபடி அதே மூலையில் உட்கார வைக்கப்பட்டார். சேர்ந்து போக ஓட்டுநர் இல்லை என்கிறார்கள். திங்கட்கிழமைக்குள் ஒருவர் வராவிட்டால் அதையே நிரந்தர ஆணையாக்கப் போகிறார்கள். மேலாளர் அவர்களே, இல்லை என்று சொல்லுங்கள் பார்ப்போம்!

அவர் படத்தைத் திறந்தோம். மாலை போட்டோம். ஆனால் அவருடைய வேலையை யார் எடுத்துக்கொள்வது? என் பங்கை நான் சொல்லிவிடுகிறேன். அந்த வண்டி தாமதமாக வந்தால், நடத்துநரின் உடல்நலத்துக்காக நிறுத்தம் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். மெமோ எனக்கு வரட்டும். என்னிடம் பறிக்க உங்களிடம் இனி எதுவும் இல்லை. ஆனால் எனக்கு ஸ்டியரிங் பிடிக்கத் தெரியாது. அதற்கு உங்களில் ஒருவர் வேண்டும்.

இங்கே வருவதற்கு முன் அன்புச்செல்வியைக் கேட்டேன், யார் வந்தால் சரியாக இருக்கும் என்று. அவர் சொன்னதைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். வருகிறவர் கீழே என்னிடம் பெயர் கொடுங்கள்.

"யாரு வேணா வரட்டும் சார். பாவம் பாத்துக்கினு மட்டும் யாரும் வர வேணாம்."