கார்போகரிசி எண்ணெய்

— பதினோரு போர்வை! நாம வெளுத்துக் குடுத்ததை லாட்ஜ்காரர் அப்படியே மூட்டையா திருப்பி அனுப்பிட்டாரு. எல்லாத்துலயும் ஓரத்துல மஞ்சளா எண்ணெய்க் கறை. மாடியில காயப்போட்டது நீதானே?

— நான்தாங்க. காக்கா ஏதாவது...

— ஆமா, காக்கா எண்ணெய்க் கிண்ணத்தோட வந்து தடவிட்டுப் போச்சாக்கும்.

— கத்தாதீங்க. கடையில ஆளுங்க நிப்பாங்க.

— ஷட்டரை இறக்கிட்டுத்தான் வந்தேன். அது சரி, ஏன் நொண்டுற?

— பித்தவெடிப்புங்க. எப்பவும் இருக்கறதுதானே.

— சாக்ஸைக் கழட்டு.

— வேணாங்க.

— கழட்டுன்னா கழட்டு... ஐயையோ! என்னடி இது, இவ்வளவு பெரிய கொப்புளம்?

— குக்கர் ஆவி அடிச்சிடுச்சு.

— பதினஞ்சு வருஷமா இஸ்திரிப் பெட்டியோட மல்லுக்கட்டறவன்கிட்ட சூட்டுப் புண்ணு கதையா? சாக்ஸுக்குள்ள புகுந்து அடிச்சுதா ஆவி? கஞ்சி டப்பாவுக்குப் பின்னாடி ஒரு பாட்டில் இருந்துச்சு. அதுதானே?

— அதை எதுக்கு எடுத்தீங்க?

— கறை எங்கேருந்து வந்துச்சுன்னு கடையையே புரட்டிட்டேன். என்ன எண்ணெய் அது?

— கார்போகரிசி.

— எதுக்கு?

— எதுக்கோ.

— எதுக்குன்னு நீயே சொல்லு.

— நாட்டு மருந்துக் கடையில கருப்பா சின்னச் சின்ன விதை குடுப்பாங்க. அரைச்சு, தேங்காய் எண்ணெயில காய்ச்சி, வெள்ளைத் திட்டு மேல பூசிட்டு, காலை வெயில்ல பத்து நிமிஷம் காட்டணும். நிறம் திரும்புமாம்.

— பத்து நிமிஷத்துக்கா இப்படிப் பொத்துப்போச்சு?

— நேத்து உச்சி வெயில்ல முக்கா மணி நேரம் நின்னேன். போர்வைங்களுக்கு நடுவுல நின்னா யாருக்கும் தெரியாது. காத்தடிச்சா அது வந்து காலைச் சுத்திக்கும். அதான் கறை.

— முக்கா மணி நேரமா! உனக்கென்ன பைத்தியமா?

— பத்துப் பத்து நிமிஷமா ஒன்றரை வருஷம் நின்னாச்சு. கடுகளவும் மாறல. அடுத்த மாசம் உங்க தங்கச்சி வந்து தங்கப்போறாங்க. அவங்க பாத்துட்டா?

— பாத்தா?

— நோயை மறைச்சு எங்கண்ணன் தலையில கட்டிட்டாங்கன்னு சொல்வாங்க. அதுவும் நிஜம்தானே. கல்யாணத்துக்கு முன்னாடியே இருந்துச்சு. வாயே திறக்கக் கூடாதுன்னு எங்கம்மா சத்தியம் வாங்கிட்டாங்க. இப்போ சொல்லிட்டேன். போகச் சொன்னா போயிடறேன்.

— உளறாதே. உக்காரு. கால்ல முதல்ல குளிர்ந்த தண்ணி ஊத்தலாம், அப்புறம் டாக்டர்கிட்ட போலாம். எதையும் தேய்ச்சுடாத.

— என்னங்க, மறைச்சதுக்கு நீங்க திட்டவே இல்ல?

— எதுக்குத் திட்டணும்? எனக்குத்தான் தெரியுமே.

— என்ன தெரியும்?

— அந்தத் திட்டு. கல்யாணத்துக்கு ஒரு மாசம் முன்னாடி உங்க அண்ணன் கடைக்கு வந்தாரு. கணுக்கால்ல இருக்கு, யாருக்கும் ஒட்டாது, யோசிச்சு முடிவு பண்ணுங்கன்னாரு. இதுல யோசிக்க என்ன இருக்குன்னேன்.

— அப்போ... இந்த சாக்ஸ், பித்தவெடிப்பு, எல்லாம்?

— எல்லாம் தெரியும். இந்த எண்ணெய்தான் தெரியாது. கேட்டா நீ சங்கடப்படுவே, நீயா ஒரு நாள் சொல்லட்டும்னு விட்டுட்டேன். அதுல என்ன தப்பு?

— கல்யாணமான இந்த ஒன்றரை வருஷத்துல ஒரு ராத்திரிகூட, உங்க பக்கத்துல நான் காலை நீட்டித் தூங்கினதில்லைங்க.