கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டம்

எனக்குப் பெரிய அணிகளைப் பிடிக்காது, சார். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். தோற்கப்போகிறவன் பக்கம்தான் நிற்பேன்.

அந்த நாட்டின் பெயரைச் சொன்னால் வரைபடத்தில் தேடுவீர்கள். மொத்தமே நான்கு மைதானம். கேப்டன் போன வருடம்வரை தபால்காரர். உலகக் கோப்பை கிரிக்கெட் அரையிறுதியில் இந்தியாவை அவர்கள் தோற்கடித்த அன்று எருமப்பட்டியே எழவு வீடு மாதிரி இருந்தது. டீக்கடையில் நான் மட்டும் கைதட்டினேன். அடிக்க வந்தார்கள். எளியவனுக்காக நிற்பவன் அதையெல்லாம் தாங்கத்தான் வேண்டும்.

கிணறு ஆழப்படுத்துவது எங்கள் தொழில். நான் மேலே கிரேன் ஓட்டுவேன். சுப்பையன் கீழே பாறையில் துளை போட்டு வெடி வைப்பான். திரியைப் பற்றவைத்துவிட்டு இரும்புத் தொட்டியில் ஏறிக்கொண்டு கயிற்றை ஆட்டுவான். நான் லீவரைத் தள்ளினால் மேலே வந்துவிடுவான். பதினொரு வருடமாக இப்படித்தான். அவன் மனைவி கந்தம்மாள் மேலே கல் அள்ளிக் கொட்டுவாள். ஒன்பதாவது படிக்கும் மகள் ஒருத்தி.

இறுதிப் போட்டியன்று லீவு கேட்டேன். கிணற்றுக்குச் சொந்தக்காரரான தோட்டக்காரர் தரவில்லை. செல்போனை கிரேன் கம்பியில் கட்டி வைத்தேன். சுப்பையன் இறங்கும்போது சிரித்தான்.

“அவனுக ஜெயிச்சா உனக்கு அந்த ஊர்ல ஊடு கட்டித் தருவானுகளா மாப்ள?”

அவனுக்கு விளையாட்டு தெரியாது. நான் கோபப்படவில்லை.

நம்மாட்கள், அதாவது அந்தச் சின்ன நாட்டுக்காரர்கள், இரண்டாவதாக ஆடினார்கள். நான்கு முறை கல் தொட்டியை மேலே இழுத்தேன். நான்கு முறையும் விக்கெட் விழுந்தது. நான் மூடநம்பிக்கைக்காரன் இல்லை, எலுமிச்சைகூடக் கட்டமாட்டேன். ஆனால் கண்ணால் பார்த்ததை எப்படி மறுப்பது? அதற்குப் பிறகு லீவரைத் தொடவில்லை. ஒன்றே கால் மணி நேரம் ஒரு விக்கெட்டும் விழவில்லை.

அவ்வளவு நேரமும் சுப்பையன் கீழேயே இருந்தான். வெயில் நேராக உள்ளே இறங்கியது.

“மாப்ள, மேல தூக்கு. தண்ணி குடிக்கோணும்.”

பாட்டிலைப் போட்டேன். உடையக்கூடாதென்று துண்டில் சுற்றித்தான் போட்டேன். அக்கறை இல்லாதவன் அதைச் செய்வானா?

கடைசி ஓவரில் ஐந்து பந்து முடிந்திருந்தது. ஒரு பந்து, இரண்டு ஓட்டம். அப்போதுதான் கீழிருந்து கேட்டான்.

“பத்த வெக்கட்டுமா?”

“வெய்யி” என்றேன். பேச்சு நின்றால் போதும் என்றிருந்தது.

திரி இரண்டரை நிமிடம் எரியும். அறுபது அடி இழுக்க நாற்பது நொடி. ஒரு பந்துக்கு இன்னொரு நாற்பது. நேரம் மிச்சம் இருந்தது, சார். அவசரப்பட ஒன்றுமே இல்லை.

கயிறு ஆடியது. பந்து வீசினார்கள். மட்டை பிடித்திருந்த நம் பையன் தட்டிவிட்டு ஓடினான். இரண்டாவது ஓட்டத்தில் பாய்ந்து விழுந்தான். ஸ்டம்ப் தெறித்தது. அவுட்டா இல்லையா என்று மூன்றாவது நடுவரிடம் போனார்கள். அவர் முன்னால் பார்த்தார், பக்கத்தில் பார்த்தார், பெரிதாக்கிப் பார்த்தார். அவரையும் நீங்கள் விசாரிக்க வேண்டும்.

“ஏனுங்கண்ணா, கயிறு ஆடுதுங்க. தூக்குங்க.”

“இரும்மா. பார்த்துக்கிட்டிருக்காங்க.”

“என்ற ஊட்டுக்காரர் உள்ள இருக்கறாருங்க!”

கயிறு மறுபடி ஆடியது. பிறகு நிற்காமல் ஆடியது. என் பெயரும் கேட்டது. தங்கமுத்து என்று அவன் முழுப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அன்றைக்குத்தான்.

பச்சை விளக்கும் வெடிச்சத்தமும் ஒன்றாக வந்தன. அவுட் இல்லை. உலகக் கோப்பை. தபால்காரர் தரையில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். கந்தம்மாளின் அழுகையோடு அதைச் சேர்த்து எழுதிவிடாதீர்கள்.

அவள் சொன்னது எல்லாம் உண்மை. லீவரைத் தள்ள அவள் ஓடிவந்தாள். அவள் இரண்டு மணிக்கட்டையும் நான் பிடித்துக்கொண்டேன். சத்தம் கேட்கும்வரை விடவில்லை. விட்டிருந்தால் சுப்பையன் மேலே வந்திருப்பான்.

அந்தப் பையன் அவுட்டாகியிருப்பான். பாவம் சார், அப்பா இல்லாமல் வளர்ந்த பிள்ளை.