பாதிப் பள்ளம்

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ். சாரலுக்கு ஷட்டரை இறக்கிவிட்டிருந்தார்கள். எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள்.

"எங்க தெருமுக்குல பாதிப் பள்ளத்த மட்டும் மூடிட்டுப் போயிட்டாவக்கா."

"அது என்னட்டி பாதி?"

"அதுவரைக்கும்தான் பஞ்சாயத்து எல்லையாம். மிச்சம் ஹைவேஸாம். அங்க போய்க் கேட்டா, 'அது எங்க ரோடே இல்ல, நிதியும் வரல'ங்காவ. நேத்து அந்த மிச்சப் பாதியிலதான் எங்க வீட்டுக்காரரு வண்டியோட விழுந்தாவ."

"இப்ப என்ன செய்யப் போற?"

"ஞாயித்துக்கெழம தெருவே சேந்து மூடப் போறோம்."

"யாரக் கேட்டு மூடுனீங்கன்னு ரெண்டு ஆபீஸும் சண்டைக்கு வரும்ட்டி."

"வரட்டும்க்கா. 'எங்க ரோடு'ன்னு எவன் மொதல்ல சொல்லுதானோ, அவன்கிட்ட அங்கனயே எழுதி வாங்கிருவேன். பேப்பரும் பேனாவும் எடுத்து வச்சாச்சு."